பொருத்தப்படவில்லை

சனிக்கிழமை, காலை எட்டு மணி, கிளிவிட்சே.
அறை எண் 214இன் வெப்பக்குழாய்
உள்ளே யாரோ மாட்டிக்கொண்டு ஸ்பேனரால் தட்டுவதுபோல்
தட்டிக்கொண்டே இருக்கிறது.
வாரமெல்லாம் ஷிப்ட் பார்த்துவிட்டுப்
பட்டத்துக்காக வந்திருக்கும் பத்தொன்பது பேர்.
இவர்களுக்கு நான் வாக்கியம் சொல்லித்தர வேண்டும்.

"வகைக்கெழுச் சமன்பாட்டிலேயே தேறியாயிற்று,
இனிக் காற்புள்ளியிலா தோற்பது?" என்கிறான் சியெமோவித்.
அவனுடைய ஒரு வாக்கியத்தில் அறுபத்திரண்டு சொற்கள்.
உரக்க வாசிக்கச் சொன்னேன்.
நாற்பதாவதில் மூச்சு வாங்கி நின்றான்.
பாலம் என்றால் இத்தனை தூரம் தூண் இல்லாமல் விடுவாயா?
விடமாட்டானாம்.
ஒரு முற்றுப்புள்ளி வைத்தான்,
மனமில்லாமல் கடன் கொடுப்பவனைப்போல.

யாக்னா காபி இயந்திரத்துக்குச் செய்முறை எழுதியிருந்தாள்.
மூன்று: மூடியைக் கழற்றி உள்ளே கைவிட்டுத் துடைக்கவும்.
நான்கு: மூன்றைச் செய்யும் முன் மின்சாரத்தை நிறுத்தவும்.
வகுப்பு சிரித்து ஓய வெகுநேரம் ஆயிற்று.
கடைசி வரிசையில் அலோய்சி மட்டும்
தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
பத்து விரல்களும் இருந்தன.

ஐம்பத்து நான்கு வயது. என்னைவிட இருபத்தொன்று மூப்பு.
நிலக்கரி கழுவும் ஆலையில் கன்வேயர் பராமரிப்பு.
முதல் நாளே என்னிடம் சொல்லிவிட்டார்,
பல்சக்கரம் பேசினால் புரியும், பத்தி புரியாது என்று.

அன்றைய பயிற்சி:
நீங்கள் அறிந்த ஒரு விபத்து, நூறு சொற்களுக்குள்.
அலோய்சிக்கு அதில் கால்வாசிகூடத் தேவைப்படவில்லை.

"பெல்ட் நிறுத்தப்பட்டது. உருளை மாற்றப்பட்டது.
பாதுகாப்புத் தகடு பொருத்தப்படவில்லை.
பெல்ட் இயக்கப்பட்டது.
ஊழியர் ஒருவரின் மூன்று விரல்கள் இழக்கப்பட்டன."

குறுகிய வாக்கியங்கள். வரிசை சரி. பிழை இல்லை.
ஆனால் ஆலையில் ஒரு ஆளும் இல்லை.
எங்கள் போலிஷில் இதற்கென்றே ஒரு வினை உண்டு,
வேலை முடிந்திருக்கும், செய்தவன் இருக்கமாட்டான்.
அறிக்கை எழுதுகிறவர்களுக்கு அது
மழைக்கோட்டு மாதிரி.

ஓரத்தில், சிவப்பு மையில், வழக்கம்போல் எழுதினேன்:
எழுவாய் எங்கே? யார் பொருத்தவில்லை?
ஐந்துக்கு மூன்று போட்டேன்.
டிராம் பிடித்து வீட்டுக்குப் போய் சூப் சுடவைத்தேன்.

இரண்டு வாரம் கழித்து அதே தாள்,
நான்காய் மடித்து, மசகெண்ணெய் விரல்தடத்தோடு.
மாறியிருந்தது ஒரே வரி.
"தகட்டை நான் பொருத்தவில்லை."
கீழே பென்சிலில், சின்னதாக:
"விசாரணையில் நாங்கள் எல்லோரும்
பொருத்தப்படவில்லை என்றுதான் எழுதினோம்.
நோர்பெர்ட்டுக்கு இன்றுவரை தெரியாது.
வாக்கியம் இப்போது சரியா?"

சரி.
இலக்கணப்படி முழுக்கச் சரி.

ஆறு வருடமாக, பருவத்துக்கு நூறு தாளில்
எழுவாய் எங்கே, எழுவாய் எங்கே என்று
சாப்பாட்டு மேசையில் உப்புக் கேட்பதுபோல் கேட்டிருக்கிறேன்.
ஒருவர் எடுத்துவந்து கொடுத்துவிட்டார்.
எங்கே வைப்பதென்று தெரியவில்லை எனக்கு.
ஐந்துக்கு ஐந்து போடலாமா? எதற்கு?
பேனா மூடியை மாட்டிக் கழற்றி மாட்டினேன்.

மதிப்பெண் பதிவுக்குக் கெடு முடிந்தது.
துறைத் தலைவருக்கு மின்னஞ்சல் தட்டினேன்:
"ஒரு மாணவரின் மதிப்பெண் உரிய நாளில் பதிவுசெய்யப்படவில்லை."
அனுப்பும் முன் ஒருமுறை வாசித்தேன்.
அழித்தேன்.
நான் பதிவுசெய்யவில்லை.
அடுத்த வரியில் ஏன் என்று வர வேண்டும்.
அதற்குத்தான் அரைமணி நேரம் ஆயிற்று,
அதுவும் நன்றாக வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை இடைவேளையில்
அலோய்சி என் மேசைக்கு வந்தார்,
கையில் காபி, ஆறிப்போனது.
தகட்டைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.
"கடிதத்தில் 'அன்புள்ள நோர்பெர்ட்' என்று போட்டால்
பக்கத்தில் காற்புள்ளியா, ஆச்சரியக்குறியா?"

இரண்டும் வழக்கில் உண்டு.
காற்புள்ளி, என்றேன்.
உள்ளங்கையில் குறித்துக்கொண்டு போனார்.